பிழைப் பத்தி

ஆட்டத்துக்கு ஐம்பது சென்ட் கூலி,
ஒரு பென்சில்,
தகரக் கூரைக்குக் கீழே ஒரு நாற்காலி.
பியூட் நகரத்துப் பத்திரிகைக்கு
பேஸ்பால் கணக்கு எழுதியவன் நான்.
அடுத்தவன் பிழையை எழுதுவது என் பிழைப்பு.

எபன் ட்ரெவாரோவை முதலில் பார்த்தது
தொள்ளாயிரத்து நாலு, மே மாதம்.
செம்புச் சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து
காதுமடலில் தூசியோடு வந்தவன்
வலப்புறக் கடைசியில் போய் நின்றான்.
அங்கே புல் கிடையாது.
உருக்காலைப் புகை இந்த ஊரில்
புல்லை விட்டுவைத்ததில்லை.
விழுந்தால் முழங்கை உரியும்.
விழுந்தான்.
கிழிந்த சட்டைக் கையால் பந்தை உயர்த்திக் காட்டிவிட்டு
துப்பினான், மண்ணை.

வெளிக்களத்தில் நிற்பது
தினைப்புனம் காப்பதுபோல.
முக்கால் பொழுதும் ஒன்றும் வராது.
வருகிற அன்று
கவண் கையில் இருக்கவேண்டும்.

இருந்தது. ஆறாம் ஆண்டு, ஹெலினாவோடு ஆட்டம்.
வேலி மூலையிலிருந்து அவன் விட்ட எறி
தரை தொடாமல் மூன்றாம் தளத்துக்குப் போனது.
ஓடிவந்தவன் நாலு எட்டு பாக்கி வைத்து
நின்றேவிட்டான்,
தனக்கு முன்னால் வந்து காத்திருக்கும் பந்தைப் பார்த்து.
அதற்கு என் புத்தகத்தில் ஒரு கட்டம்தான்.
ஒன்று என்று போட்டேன்.

அச்சுக்கோக்கும் லுண்ட்
அவன் பெயரின் நடுவை விழுங்கிவிடுவார்.
பத்தி குறுகல், பெயர் நீளம்.
தலையும் வாலும் மட்டும் காகிதத்தில் வரும்.
எபன் சிரிப்பான்:
'கம்பெனியில் கூலியும் இப்படித்தான் வருகிறது.'

பெரிய லீகில் இருபத்து மூன்று நாள்.
செயின்ட் லூயிஸ், பதினோரு ஆட்டம்,
முப்பத்தெட்டு முறை மட்டை பிடித்து ஏழு அடி.
திரும்பி வந்தபோது ஒரு வைக்கோல் தொப்பி இருந்தது.
'எப்படியிருந்தது?' என்றேன்.
'புல்' என்றான்.
'மெத்தைமேல் ஓடுகிற மாதிரி.
எனக்குக் கால் பிடிபடவில்லை.'

மறு ஆகஸ்ட், ஒரு ஞாயிறு.
சிகாகோவிலிருந்து ஆள் பார்க்க வந்தவர்
மூன்றாம் வரிசையில் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.
ஏழாவது இன்னிங்ஸ்.
பந்து உயரப் போனது.
காற்று திரும்பியது.
மஞ்சளாகப் புகை இறங்கி
எபனை இடுப்புவரை விட்டுவைத்து மேலே மறைத்தது.
கால்கள் இரண்டு எட்டு பின்வாங்கின.
நின்றன.
பந்து அவனுக்குப் பின்னால் விழுந்த சத்தம் கேட்டது.
கேட்டது. பார்க்கவில்லை.
எனக்கு அப்போது இருமல்.
கண்ணைத் துடைத்து நிமிர்ந்தேன்.
பக்கத்து நாற்காலிக்காரர் 'பிழைதான்' என்றார்.
எழுதினேன்.

அன்றிரவு மதுக்கடையில் தோளைத் தட்டினான்.
'புகைக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கலாமே, கணக்கரே.
இந்த வருஷம் அது எத்தனை பந்தை விட்டிருக்கிறது!'
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
ரப்பர் என் கோட்டுப்பையில் இருந்தது.

சிகாகோக்காரர் எப்படியும் போயிருப்பார்.
முப்பத்தெட்டுக்கு ஏழு என்பது
அவர் காதுக்கும் எட்டியிருக்கும்.
இதை நான் பல இரவு எனக்குச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு மூஸ் ஜாவில் இரண்டு கோடை,
வாலா வாலாவில் ஒன்று, அதுவும் பாதி.
முழங்கால்.
பதின்மூன்றில் மறுபடி சுரங்கம், அதே இரவு ஷிஃப்ட்.
ஞாயிற்றுக்கிழமைகளில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி
வலப்புற வேலியோரம் உட்காருவான்.
அவன் இருமல் என் நாற்காலிவரை கேட்கும்.
வரவர அதிகமாகக் கேட்டது.
ஒரு ஞாயிறு கேட்கவில்லை.

மரண அறிவிப்புப் பத்தி அகலமானது.
லுண்ட் இந்த முறை ஓர் எழுத்தையும் விழுங்கவில்லை.
எபன் ட்ரெவாரோ, முப்பத்தேழு, சுரங்கத் தொழிலாளி.
'வலப்புற வெளிக்களம் என்றும் சேருங்கள்' என்றேன்.
இடமில்லை என்றார்.

மறுநாள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
அவன் பெயருக்குக் கீழே
ஒரு விரல் அகலம்
வெள்ளையாகக் கிடந்தது.